வானத்தைப் பார்த்து நனை

போன ஆடியில் ஒரு நாள் காலை, பயணப் பெட்டி நிறுப்பதற்கென்று வாங்கிய கைத்தராசின் கொக்கியில் ஒரு போர்வையை மாட்டினேன். 1.80 கிலோ காட்டியது. அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து, பழைய படுக்கை விரிப்பில் தூளி மாதிரி ஏந்தி, சொட்டுவது குறையும்வரை பொறுத்திருந்து மறுபடி மாட்டினேன். விரிப்பின் எடையைக் கழித்தால் 7.2 கிலோ. ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல் தொங்கிக்கொண்டிருந்தது.

கடையில் வாங்கிய ரஜாய் அல்ல அது. பெரியம்மா முப்பது வருஷத்துக்கு முன்னால் கையால் தைத்தது. நெகமம் கைத்தறிச் சேலை இரண்டு, மதுரைச் சுங்குடி ஒன்று, பாலிகாட்டன் ஒன்று. நான்கையும் மடித்து ஏழு அடுக்காக்கி, விரற்கடை இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டிருக்கிறார். இதே கைவேலைக்கு வங்காளத்தில் காந்தா என்று பெயர். மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி, சிந்துவில் ரல்லி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், நைந்த வேலையுடுப்புகளை வெட்டி இணைத்துத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஏறின. சுவரில் ஏறியதைத் துவைக்க வேண்டாம். நாம் போர்த்துக்கொள்வதைத் துவைத்துத்தான் ஆக வேண்டும்.

எப்படித் துவைப்பது என்று பெரியம்மாவிடம் கேட்டேன். சோப்பைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ அவர் பேசவில்லை. "வானத்தப் பாத்துப்போட்டு நனை கண்ணு" என்றார்.

கேட்டபோது இது வெறும் முன்னெச்சரிக்கையாகத்தான் பட்டது. தராசில் 7.2ஐப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஒற்றைச் சேலைக்கு அழுக்கை எடுப்பது வேலை, காய்வது தானாக நடக்கும். அடுக்குப் போர்வைக்கு அது தலைகீழ். அழுக்கு அரை மணியில் போய்விடும். உள்ளே போன தண்ணீரை வெளியே கொண்டுவருவதுதான் நாள் முழுக்க வேலை. ஆகவே ஊறப்போடுவதிலிருந்து அலசுவதுவரை ஒவ்வொரு முடிவையும் கொடியை மனத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பஞ்சு குடிக்கும் கணக்கு

பருத்தி இழை என்பது விதையின் தோலில் முளைத்த ஒரே ஒரு செல். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, காய் வெடித்ததும் உள்ளீரம் வற்றி, தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அதன் உடம்பு முழுக்க செல்லுலோஸ். இந்த மூலக்கூற்றுச் சங்கிலியில் ஹைட்ராக்சில் குழுக்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தண்ணீர் மூலக்கூறைக் கைபிடித்து உட்கார வைக்கும் இருக்கை. அதனால்தான் பருத்தி எப்போதும் முழுக்கக் காய்ந்திருப்பதில்லை. ஜவுளித் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கையில் பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீதம் நீரை வைத்திருக்கும். காய்ந்தது என்று நாம் மடித்து வைக்கும் 1.8 கிலோ போர்வைக்குள்ளேயே ஒரு சிறிய டம்ளர் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். பாலியஸ்டரில் இந்த அளவு அரை சதவீதம்கூட இல்லை.

நனைக்கும்போது நடப்பது இரண்டு. கொஞ்சம் நீர் இழைக்குள் புகுந்து அதைப் பருக்க வைக்கிறது. மீதி, பெரும்பகுதி, இழைகளுக்கும் நூல்களுக்கும் அடுக்குகளுக்கும் இடையிலுள்ள சந்துகளில் தங்குகிறது. இழை நீளத்தில் அதிகம் மாறாது, தடிமனில்தான் பருக்கும். பருத்த நூலைச் சுற்றி வளைந்து போக எதிர்நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளத்தைத் துணியிலிருந்தே அது இழுத்துக்கொள்கிறது. புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்குவதன் ரகசியங்களில் ஒன்று இது. பெரியம்மாவின் போர்வையில் பருத்தி அடுக்குகள் சுருங்கின, பாலிகாட்டன் அவ்வளவாகச் சுருங்கவில்லை. இரண்டையும் தையல் விடாமல் பிடித்திருந்தது. விளைவு, தையலுக்குத் தையல் நடுவே மெல்லிய மேடும் பள்ளமும். இந்தச் சுருக்கத்தை எத்தனை இழுத்தாலும் நீவ முடியாது, நீவ வேண்டியதுமில்லை.

பருத்தியின் இன்னொரு குணம் நமக்குச் சாதகம். நனைந்தால் அதன் வலிமை சற்றுக் கூடுகிறது. விஸ்கோஸ் ரயான் நேர்மாறு. ஈரத்தில் ஏறக்குறைய பாதி வலிமையை இழக்கும். பட்டும் கம்பளியும் ஈரத்தில் தளரும். ஆனால் பருத்தி நனைந்தால் வலுக்கும் என்ற விதியைப் பழைய சேலைக்கு நம்பிவிடக் கூடாது. வெயிலும் வியர்வையும் வருஷங்களும் செல்லுலோஸ் சங்கிலிகளை ஏற்கெனவே துண்டுதுண்டாக்கியிருக்கும். ஏழு கிலோப் போர்வையை இரண்டு முனையில் பிடித்துத் தூக்கினால், மொத்தப் பாரமும் முனைப் பக்கத்து நான்கைந்து தையலில் இறங்கும். நூல் அறுபடும், அல்லது அதைவிட மோசமாக, நூல் நின்று துணி கிழியும். எனவேதான் விரிப்புத் தூளி. தொட்டியில் முதலில் விரிப்பைப் போட்டு, அதன்மேல் போர்வையை இறக்கினால், தூக்கும்போது இரண்டு பேர் விரிப்பைத்தான் தூக்குவார்கள்.

நனைக்கக் கூடாதவை

சிலவற்றை எந்த வானத்தைப் பார்த்தும் நனைக்கக் கூடாது. இலவம்பஞ்சு அடைத்தது அதில் முதல். இலவம் இழை உள்ளே வெற்றுக்குழாய், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது என்பதால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் அதை அடைத்தார்கள். அதைத் தொட்டியில் அமுக்கினால் மிதக்கும். விடாமல் அமுக்கினால் குழாய்கள் நசுங்கி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். உறையை மட்டும் பிரித்துத் துவைத்து, பஞ்சை வெயிலில் காட்டித் தட்டுவதே சரி.

அடுத்தது, கலம்காரி முறையில் கறுப்பு ஏற்றிய பழைய துணி. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்த கரைசல், கடுக்காயின் டானினோடு சேர்ந்து அந்தக் கறுப்பைத் தருகிறது. அந்த இரும்பே காலப்போக்கில் செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றம் அடைவதை முடுக்கிவிடும். பழைய துணிகளில் மற்ற நிறமெல்லாம் நன்றாயிருக்க, கறுத்த இடம் மட்டும் பொடிந்து உதிர்வதைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போர்வைகளில் பழுப்பு அச்சுத் துண்டுகள் மட்டும் அரித்துப் போயிருப்பதற்கும் பெரும்பாலும் இரும்பே காரணம். துருக்கறை பட்ட இடத்தில் பிளீச் ஊற்றினால் துளை விழுவதும் இதே வேதியியலின் வேகமான வடிவம். இத்தகைய போர்வைக்குத் தூசி எடுப்பதே போதும். மேலே நைலான் கொசுவலையைப் பரப்பி, வாக்குவம் கிளீனரைக் குறைந்த இழுப்பில் வைத்து வலையின் மேல் நகர்த்த வேண்டும். வலை இருப்பதால் தளர்ந்த நூல் குழாய்க்குள் போகாது.

சுங்குடியின் சிவப்பு

என் பயம் சுங்குடியின் மேல்தான். நல்ல அடர் சிவப்பு. பக்கத்திலேயே வெளிர் நெகமம்.

சாயம் பருத்தியில் நிற்கும் விதம் ஒன்றல்ல. நேர்ச்சாயம் இழையின்மேல் சும்மா சாய்ந்து உட்கார்ந்திருக்கும், தண்ணீர் கூப்பிட்டால் எழுந்து போய்விடும். அவுரி கரையாத துகளாக இழைக்குள் அடைந்திருக்கும். தண்ணீரில் கரையாது, ஆனால் உரசினால் உதிரும். 1956இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் வினைச்சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவை செல்லுலோஸுடன் உண்மையான வேதிப்பிணைப்பே செய்துகொள்கின்றன. ஆனால் சாயத்தொட்டியில் ஒரு பகுதி, இழையைப் பிடிப்பதற்குள் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அந்த அநாதைச் சாயத்தைச் சாயப்பட்டறையில் நன்றாக அலசாமல் விட்டால், நம் வீட்டு வாளியில் வெளுக்கும். எழும்பூரோ எடின்பரோ, சாயம் போவதை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று நினைக்கிறோம். 1960களின் அமெரிக்காவில் சென்னைக் கட்டம்போட்ட துணியை 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்றே விற்றார்கள். துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதுதான் அதன் கவர்ச்சி. போர்வையில் அந்தக் கவர்ச்சி வேண்டாம்.

சுங்குடியை முதல் முறை கல்லுப்பு போட்டு ஊறவைக்கச் சொல்வார்கள். உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்துமா? பாதி உண்மை. தண்ணீரில் பருத்தியின் மேற்பரப்பு லேசான எதிர்மின்னூட்டம் கொள்கிறது. நேர்ச்சாயம், வினைச்சாயம் இரண்டின் மூலக்கூறுகளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடிய அயனிகள் நடுவே புகுந்து இந்தத் தள்ளலைத் தணிக்கின்றன. சாயம் இழையை நெருங்குகிறது. அதற்காகத்தான் சாயப்பட்டறைகள் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகின்றன. திருப்பூரில் நொய்யலைக் கெடுத்ததில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. ஆக, உப்புநீரில் ஊறும்வரை சாயம் வெளியேறத் தயங்கும். உப்பை அலசியதும் தயக்கம் போய்விடும். பழைய துணியில் தளர்ந்த சாயத்தை உப்பு நிரந்தரமாகக் கட்டிப்போடாது. வினிகர் பட்டு, கம்பளி போன்ற புரத இழைகளின் அமிலச் சாயங்களுக்கு உதவும். பருத்திக்கு அதனால் பயனில்லை.

செய்யக்கூடியது இது. துவைக்கப்போகும் அதே சோப்புத்தண்ணீரில் வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். என் சோதனையில் சுங்குடி ரோஜா நிறத்தில் லேசாகப் பதிந்தது. முப்பது வருஷத்தில் போகவேண்டியது பெரும்பாலும் போயிருந்தது. லேசாகப் போகும் சாயத்துக்கு மருந்து மூன்று: நிறையத் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், குறைந்த நேரம். வெளியே வந்த சாயம் நிறையத் தண்ணீரில் நீர்த்துப் போய், பக்கத்துத் துணியைத் தேடாது. நனைத்த போர்வையைச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதுதான் பெரிய தவறு. அங்கே தண்ணீர் குறைவு, நெருக்கம் அதிகம், நேரமும் அதிகம். சாயம் பக்கத்தில் ஏறிவிட்டது என்று தெரிந்தால் காயவிடாமல் உடனே மறுபடி நிறையத் தண்ணீரில் போட வேண்டும். காய்ந்துவிட்டால் வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிடுவான்.

அமுக்கு, முறுக்காதே

கோயம்புத்தூர்க்காரனுக்கு ஒரு வசதி, சிறுவாணித் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு. போர் தண்ணீரில் சோப்பைக் கரைத்தால், அந்த உலோகங்கள் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகித் துணியில் படியும். ஒற்றைத் துணியில் அது கொஞ்சம் சொரசொரப்பு. ஏழு அடுக்குக்குள் போனால் வெளியே வர வழியில்லை. போர் தண்ணீர்தான் என்றால் சோப்புக்கட்டியைவிடத் திரவ டிடர்ஜென்ட் நல்லது. அதுவும் கொஞ்சம்தான், நுரை அழுக்கை எடுப்பதில்லை, அலசும் வேலையைத்தான் கூட்டுகிறது. பழைய துணிக்கு என்றால் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரையும் மறக்க வேண்டாம். அதிலுள்ள சாபோனின் சோப்பைப் போலவே ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் தண்ணீரையும் பற்றும். சோப்பின் காரம் அதில் இல்லை.

மஞ்சள் கறைக்குப் போராட வேண்டியதில்லை. சோப்புப் பட்டதும் அது சிவப்பாக மாறினால் பயப்படவும் வேண்டாம். மஞ்சளின் நிறமியான குர்குமின் காரத்தில் நிறம் மாறும். வெளிச்சம் பட்டால் அதுவே சிதைந்து வெளுத்துவிடும். பால், ரத்தம், குழந்தையின் கைங்கரியம் எல்லாம் புரதம். சுடுதண்ணீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி இழையிலேயே கட்டிப்போகும். பச்சைத் தண்ணீர்தான் முதலில்.

துவைப்பது கல்லில் அல்ல, கையில். தொட்டியில் பரப்பி, உள்ளங்கையால் அமுக்கி விட, அமுக்கி விட, போர்வை தானே மூச்சு வாங்குவது போல் தண்ணீரை உறிஞ்சித் துப்பும். அந்த ஓட்டம்தான் அழுக்கைக் கொண்டுபோகிறது. பத்து நிமிடம் போதும்.

அலசுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. என் தொட்டி 40 லிட்டர். சோப்புத்தண்ணீரை வெறுமனே வடியவிட்டால் போர்வைக்குள் ஐந்தரை லிட்டர் மிஞ்சும். அதன்மேல் 40 லிட்டர் ஊற்றினால் சோப்பு எட்டில் ஒரு பங்காகும். இரண்டாம் முறை சுமார் எழுபதில் ஒரு பங்கு. வடியவிட்ட பிறகு அமுக்கிப் பிழிந்து, உள்ளே இரண்டு லிட்டர் மட்டும் மிஞ்சும்படி செய்தால்? முதல் அலசலில் இருபதில் ஒன்று, இரண்டாவதில் நானூறில் ஒன்று. தண்ணீர்ச் செலவு அதேதான். பிழிவது அலசுவதில் பாதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிழிவது என்றால் முறுக்குவதல்ல. முறுக்கினால் வெளி அடுக்கு இழுபடும், உள் அடுக்கு கசங்கும், இரண்டுக்கும் நடுவே மாட்டிய தையல் அறும். கெட்டித் துண்டுகளை விரித்து, போர்வையோடு சேர்த்துப் பாயைப் போல் சுருட்டி, மேலே ஏறி மிதித்தேன். தராசு 3.9 கிலோ என்றது. புதிய, உறுதியான போர்வையாக இருந்தால் வாஷிங்மெஷினின் ஸ்பின்னை மட்டும் பயன்படுத்தலாம். வீட்டு மெஷின் டிரம் நிமிடத்துக்கு 800 சுற்று சுழலும்போது, துணி மேல் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 170 மடங்கு விசை செயல்படும். அது முறுக்கு அல்ல, சுவரோடு சேர்த்து அமுக்கும் விசை. துணியைக் குழப்பித் திருப்பும் துவைப்புச் சுற்றுதான் பழைய தையலுக்கு எமன். மெஷினின் மேல் எழுதியிருக்கும் 7 கிலோ உலர்ந்த துணியின் எடை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கயிற்றுக் கட்டில்

போர்வைக்குள் இன்னும் 2.1 கிலோ தண்ணீர். இனி எந்தக் கையாலும் எடுக்க முடியாது. ஆவியாகத்தான் போக வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதே நீரைக் குழாயிலிருந்து பிடித்துக் கொதிக்க வைக்கும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல். மின்சாரத்தில் சொன்னால் லிட்டருக்கு மூன்றில் இரண்டு யூனிட். அமுக்கிப் பிழிந்து நான் எடுத்த 3.3 லிட்டர், வெயிலுக்கு மிச்சப்படுத்திய இரண்டேகால் யூனிட்.

எங்கே காயப்போடுவது? கொடியில் நீளவாக்கில் தொங்கவிட்டால் பாரம் முழுவதும் கொடி படும் வரியில் இறங்கும். தண்ணீர் கீழ் விளிம்புக்கு வடியும்போது, அலசலில் தப்பிய சாயத்தையும் சோப்பையும் கூடவே அழைத்துப்போய் அங்கே சேர்த்துவிடும். காய்ந்த பின் விளிம்பில் பழுப்புக் கோடு. மொட்டைமாடித் தரையில் விரித்தால் அடிப்பக்கத்து ஆவிக்கு வழியில்லை. எங்கள் வீட்டில் கயிற்றுக் கட்டில் இருக்கிறது. பாரத்தை நூறு இடத்தில் தாங்கி, மேலும் கீழும் காற்றை விடும் அதைவிட நல்ல உலர்த்தியை எந்தப் பொறியாளரும் வரைந்திருக்க மாட்டார். வெயில் நேராகப் படாமல் மேலே ஒரு மெல்லிய வேட்டி. புற ஊதாக் கதிர் சாயத்தை வெளுக்கும், இழையை நைக்கும். துணி ஈரமாக இருக்கும்போது அந்தச் சேதம் இன்னும் கூடும்.

காற்றுதான் உண்மையில் காயவைக்கிறது. ஈரத்துணியை ஒட்டி, ஆவி நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அடுத்த ஆவி வெளியேறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அம்மியை நகர்த்தும் என்று பேர் வாங்கிய ஆடிக்காற்று இதற்கென்றே அடிப்பது போலிருந்தது. காற்றில் ஏற்கெனவே ஆவி நிரம்பியிருக்கும் ஐப்பசி அடைமழையில் இதே கட்டில், இதே போர்வை, மூன்று நாளானாலும் நடக்காது.

காலை ஒன்பதுக்கு 3.9. பதினொன்றுக்கு 3.0. மதியம் ஒன்றுக்கு 2.3. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டேன். மூன்று மணிக்குத் தொட்டுப் பார்த்தால் நன்றாகக் காய்ந்திருந்தது. மடித்து வைக்கலாம் என்றது கை. தராசு 1.95 என்றது. 150 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர், நடு அடுக்குகளில் ஒளிந்திருந்தது.

உலர்தல் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் நூல்களின் சந்துகளில் நீர்த்தொடர் அறுபடாமல் இருக்கும். உள்ளிருந்து மேற்பரப்புக்குத் தண்ணீர் தானே ஏறி வரும், மேலே காற்று எடுத்துக்கொண்டே போகும். தொடர் அறுபட்ட பிறகு ஆவி அடுக்குகளின் வழியே இடறி இடறித்தான் வெளிவர வேண்டும். மணிக்கு 450 கிராம் போய்க்கொண்டிருந்தது 100 கிராமுக்குக் கீழே இறங்குவது அதனால்தான். மேல் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் இந்த நேரத்தில்தான் மனிதர்கள் போர்வையை மடிக்கிறார்கள். ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை தலைகாட்டும். ஈர நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவை 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்: மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ். உலர்வையும் வெயிலையும் தாங்கி உயிர்வாழும். அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும்.

தராசு இல்லாதவர்களுக்குக் கன்னம் இருக்கிறது. போர்வையின் நடுவை மடித்துக் கன்னத்தில் வைத்தால், ஈரம் இருக்கும் இடம் சில்லென்று இருக்கும். ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய வெப்பத்தை அங்கிருந்தே எடுத்துக்கொள்வதால் அந்தக் குளிர்ச்சி. பெரியம்மா அப்படித்தான் பார்த்தார். நான் தராசை எடுத்து வருவதற்குள் "இன்னும் ஆவுல" என்று சொல்லிவிட்டார்.

ஐந்தரை மணிக்கு 1.77 கிலோ. ஆரம்பத்தைவிட 30 கிராம் குறைவு. அத்தனையும் அழுக்கு என்று எண்ணி எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குள் கட்டிலில் விரித்துவைத்து, மறுநாள் காலை இன்னொரு முறை நிறுத்தேன். 1.79. ராத்திரிக் காற்றிலிருந்து 20 கிராம் குடித்திருந்தது.